ஆய்வுக் கட்டுரை வெளியிடப் பணம் கேட்கிறார்களா? முதலில் நூலகரைப் பாருங்கள்



நமது அறக்கட்டளையின் கல்வி நிதிக்கு வரும் மனுக்களில் பெரும்பாலானவை கல்லூரிக் கட்டணம், விடுதிக் கட்டணம், பேருந்துச் செலவு, புத்தகம் ஆகியவற்றுக்கானவை. சில ஆண்டுகளாகப் புதிய வகை மனு ஒன்றும் வருகிறது. "பிள்ளையின் ஆய்வுக் கட்டுரையை வெளியிடப் பணம் கட்ட வேண்டும், உதவி செய்யுங்கள்" என்பதே அது. இந்த இதழில் அதைப் பற்றி விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. அப்படி ஒரு மனு முதன்முதலில் வந்தபோது நாங்களே ஏமாந்து போனோம்.

முதுகலை முடித்த ஒரு தம்பி 4,500 ரூபாய் கேட்டு வந்தார். கட்டுரையை ஏற்றுக்கொண்டதாக ஒரு 'பன்னாட்டு ஆய்விதழ்' அனுப்பிய மின்னஞ்சலைக் காட்டினார். நல்ல காரியம் என்று அன்றே பணம் கொடுத்தோம். ஐந்தாம் நாள் கட்டுரை இணையத்தில் வந்துவிட்டது. பொன்நிற முத்திரையுடன் ஒரு சான்றிதழும் வந்தது. அதன் நகலை அலுவலகச் சுவரில் மாட்டி வைத்தோம். மறு ஆண்டு அவர் முனைவர் பட்டச் சேர்க்கைக்கான நேர்காணலுக்குப் போனபோது, அங்கிருந்த பேராசிரியர் அந்த இதழின் முகவரியைத் திறந்து பார்த்தார். இணையதளமே இல்லை. போனது பணம் மட்டுமானால் பரவாயில்லை. அந்தக் கட்டுரைக்காக அவர் ஆறு மாதம் ஊர் ஊராகச் சென்று தகவல் திரட்டியிருந்தார். ஒருமுறை வெளியான கட்டுரையை நல்ல ஆய்விதழ்கள் மறுபடியும் ஏற்பதில்லை. அந்த உழைப்பு அப்படியே வீணானது.

இரண்டாவது மனுவோடு வந்தவர் ஓர் உப்பளத் தொழிலாளி. மகளையும் அழைத்து வந்திருந்தார். "பாய், புள்ள எழுதுனது புஸ்தகத்துல வருதாம். ஆறாயிரம் கட்டணுமாம். மூணு நாளுக்குள்ள கட்டலேன்னா போயிடுமாம்" என்றார். மழைக்காலத்தில் உப்பளம் மூடிக்கிடக்கும் மாதங்களுக்காகத் தமிழ்நாடு அரசு ஓர் உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு வழங்கும் நிவாரணத் தொகையே 5,000 ரூபாய்தான். அதைவிட அதிகமான பணத்தை, முகம் தெரியாத ஒருவர், மூன்று நாள் கெடு வைத்துக் கேட்டிருக்கிறார்.

இந்த முறை நாங்கள் பணம் கொடுக்கவில்லை. அந்தப் பெண்ணை அவர் படித்த கல்லூரியின் நூலகரிடம் அனுப்பினோம். அரை மணி நேரத்தில் அது போலி ஆய்விதழ் என்பது தெரிந்துவிட்டது. நூலகர் ஒன்றை மனம்விட்டு ஒப்புக்கொண்டதாக அந்தப் பெண் வந்து சொன்னார்: "முதல் ஆண்டில் நூலகத்தைச் சுற்றிக் காட்டுகிறோம், எப்படித் தேடுவது என்று சொல்லித் தருகிறோம். எதில் வெளியிடுவது என்பதை நெறியாளர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுகிறோம்."

இந்த ஒரு வாக்கியத்தில்தான் முழுச் சிக்கலும் இருக்கிறது.

பிரிந்து கிடக்கும் இரண்டு பாடங்கள்

கல்லூரி நூலகங்களில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. ஒன்று, தேவையான தகவலைத் தேடி எடுக்கவும், அது நம்பத்தக்கதா என்று சோதிக்கவும், எடுத்த இடத்தைச் சொல்லி நேர்மையாகப் பயன்படுத்தவும் மாணவருக்குக் கற்பிப்பது. இதைத் தகவல் அறிதிறன் என்கிறார்கள். மற்றொன்று, ஆய்வு எப்படிக் கட்டுரையாகிறது, யார் மதிப்பிடுகிறார்கள், யார் வெளியிடுகிறார்கள், செலவு யாருடையது, உரிமை யாருக்குப் போகிறது என்பவை சார்ந்தது. இதை ஆய்வு வெளியீட்டு முறை என்று சொல்லலாம்.

முதல் வேலை இளங்கலை மாணவர்களுக்கு, அதுவும் ஒரு மணி நேர அறிமுக வகுப்போடு முடிந்துவிடுகிறது. இரண்டாவது பேராசிரியர்களுக்கும் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கும் உரியதாகக் கருதப்படுகிறது. நடுவில் நிற்கும் முதுகலை மாணவருக்கு இரண்டும் கிடைப்பதில்லை. போலி ஆய்விதழ்களின் மின்னஞ்சல் சரியாக அவரைத் தேடித்தான் வருகிறது.

இது நம் ஊரில் மட்டும் உள்ள குறையும் இல்லை. அமெரிக்காவின் கல்லூரி, ஆய்வு நூலகங்களின் சங்கம் 2013இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்த இரண்டு வேலைகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்பவை, நூலகர்கள் இவற்றைத் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது என்பதே அதன் சாரம். காரணம் எளிது. கட்டுரை எப்படி உருவாகிறது என்று தெரியாதவருக்கு, கையில் கிடைத்த கட்டுரையை எடைபோடத் தெரியாது. எடைபோடத் தெரியாதவர் தம் கட்டுரையை எங்கே கொடுப்பது என்று முடிவு செய்யவும் முடியாது.

கட்டுரை அச்சேறும் வழி

ஓர் ஆய்வாளர் கட்டுரையை எழுதி ஆய்விதழுக்கு அனுப்புகிறார். ஆசிரியர் முதலில் படிக்கிறார். தம் இதழுக்குப் பொருந்தாது என்றால் அப்போதே திருப்பி அனுப்பிவிடுவார். பொருந்தினால் அதே துறையில் தேர்ந்த இரண்டு மூன்று பேரிடம் மதிப்பீட்டுக்கு அனுப்புவார். அவர்கள் பெரும்பாலும் ஊதியம் வாங்காமல் படித்து, "இந்தக் கணக்கு தவறு, இந்த முடிவுக்குச் சான்று போதாது, இன்னாருடைய ஆய்வைப் பார்க்கவில்லை" என்று குறிப்பு எழுதுவார்கள். ஆய்வாளர் திருத்தி மீண்டும் அனுப்புகிறார். சில நேரம் இரண்டு மூன்று முறை இப்படி நடக்கும். இதற்கு மாதங்கள் ஆகும், ஓர் ஆண்டுகூட ஆகலாம்.

உப்பளத்தில் வேலை செய்யும் நம் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உவர்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, டிகிரி பார்த்துப் பார்த்துத்தான் கடைசிப் பாத்திக்கு விடுகிறார்கள். ஏறத்தாழ 24 டிகிரி வருமுன் விட்டால் உப்பு கட்டாது. அதற்கு இத்தனை நாள் வெயில் வேண்டும் என்று இருக்கிறது. ஐந்து நாளில் ஏற்றுக்கொண்டு ஆறாம் நாள் வெளியிடும் ஆய்விதழ் டிகிரியே பார்க்கவில்லை என்று பொருள்.

செலவு யாருடையது என்பது அடுத்த கேள்வி. ஒரு முறையில், இதழைப் படிக்க விரும்பும் நூலகம் சந்தா கட்டுகிறது, எழுதுபவர் பணம் கட்டுவதில்லை. இன்னொரு முறை திறந்த அணுகல். இதில் உலகில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் படிக்கலாம். அந்தச் செலவைச் சில இதழ்கள் எழுதுபவரிடமோ அவருடைய நிறுவனத்திடமோ வாங்குகின்றன. பல்கலைக்கழகங்களும் கற்றோர் சங்கங்களும் நடத்தும் பல திறந்த அணுகல் இதழ்கள் எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் எதுவும் வாங்குவதில்லை.

ஆகவே, பணம் கேட்பதாலேயே ஓர் ஆய்விதழ் போலி ஆகிவிடாது. மதிப்பீடு எதுவும் செய்யாமல், செய்ததாகச் சொல்லிப் பணம் வாங்குவதுதான் மோசடி.

இந்த மோசடியின் அளவைக் காட்டும் சோதனை ஒன்று 2013இல் நடந்தது. ஜான் பொஹானன் என்ற செய்தியாளர், வேண்டுமென்றே பெரும் பிழைகள் வைத்து ஒரு பொய்க் கட்டுரை தயாரித்து 304 திறந்த அணுகல் இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் அதை ஏற்றுக்கொண்டன. 'சயின்ஸ்' இதழில் அவர் இதை எழுதினார். இப்படிப்பட்ட இதழ்களை முன்பே கண்டுகொண்டு பட்டியல் போடத் தொடங்கியவர் ஜெஃப்ரி பீல். அவர் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நூலகராக இருந்தவர். கள்ள உப்பை முதலில் இனம் கண்டது நூலகர்தான் என்பதை நம் பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் இந்த வியாபாரம் வளர்ந்த கதை

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிப்படி, முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஓர் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டியிருந்தது. கல்லூரி ஆசிரியர் பணித் தேர்விலும் வெளியீடுகளுக்கு மதிப்பெண் உண்டு. ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் கட்டுரை தேவைப்பட்டது. அவசரத்தில் இருப்பவரிடம் வியாபாரம் செய்வது எளிது. போலி ஆய்விதழ்கள் பெருகின.

மானியக் குழு ஏற்கத்தக்க இதழ்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதிலேயே போலிகள் நுழைந்துவிட்டதாகப் புகார் எழுந்து, 2018 மே மாதம் 4,305 இதழ்களை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கியது. பிறகு 'யூஜிசி-கேர்' என்ற புதிய பட்டியல் 2019இல் நடைமுறைக்கு வந்தது. ஒருவகையில் அது மாணவருக்கு வசதியாக இருந்தது. பட்டியலில் உண்டா இல்லையா என்று பார்த்தால் போதும்.

இப்போது அந்த வசதியும் இல்லை. யூஜிசி-கேர் பட்டியலைக் கைவிடுவதாக 2025 பிப்ரவரியில் மானியக் குழு அறிவித்தது. ஆய்விதழின் தரத்தைப் பார்ப்பதற்கான சில அளவுகோல்களைத் தந்து, அந்தந்தக் கல்வி நிறுவனமே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. முடிவு செய்யும் பொறுப்பு கல்லூரிக்கு வந்திருக்கிறது. அந்த அளவுகோல்களை வைத்து ஓர் இதழை எப்படிச் சோதிப்பது என்று கல்லூரியில் முறையாகப் படித்தவர் நூலகர் ஒருவரே. இந்தப் பாடத்தை இப்போது நூலகம் எடுக்காவிட்டால் வேறு யாரும் எடுக்கப்போவதில்லை.

இன்னொரு செய்தியும் பலருக்குத் தெரியாது. 2022 நவம்பரில் வந்த புதிய முனைவர் பட்ட விதிகளில், ஆய்வேட்டுக்கு முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை மானியக் குழு எடுத்துவிட்டது. தனியாக விதி வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் இருக்கலாம். ஆகவே "கட்டாயம்" என்று யாராவது சொன்னால், எந்த விதியில் இருக்கிறது என்று உங்கள் பல்கலைக்கழகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நல்ல தொடக்கம் ஒன்றும் நடந்திருக்கிறது. 2019 இறுதியில் மானியக் குழு, முனைவர் பட்ட ஆய்வாளர்கள் அனைவருக்கும் ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிகள் என்ற 30 மணி நேரப் பாடத்தைக் கட்டாயமாக்கியது. ஆய்வு நேர்மை, திறந்த அணுகல் வெளியீடு, வெளியீட்டு முறைகேடுகள், தரவுத்தளங்களில் தேடுவது ஆகியவை ஒரே பாடத்தில் வருகின்றன. தேடுவதும் வெளியிடுவதும் ஒரே வகுப்பறைக்கு வந்துவிட்டன. ஆனால் அந்த வகுப்பு முனைவர் பட்டத்தில் சேர்ந்த பிறகுதான் கிடைக்கிறது. நம் தம்பி ஏமாந்தது அதற்கு முன்பே. இதே பாடத்தின் எளிய வடிவம் இளங்கலை, முதுகலை மாணவருக்கும் வேண்டும் என்பதே நாம் சொல்ல வருவது.

சேர்த்துக் கற்பித்தால் எப்படி இருக்கும்?

நம் கரையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஒரு மாணவி உப்பளத் தொழிலாளர்களின் உடல்நலம் பற்றி ஆய்வு செய்ய விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்து 2023இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மிகப் பெரும்பாலோர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்கிறார்கள் என்பதையும், சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதையும் அது காட்டியது. அது திறந்த அணுகல் கட்டுரை. மரக்காணத்தில் கைப்பேசி வைத்திருக்கும் யாரும் காசு கொடுக்காமல் படிக்கலாம்.

பழைய முறை வகுப்பில், இந்தக் கட்டுரையைத் தேடிக் கண்டுபிடிப்பதோடு பாடம் முடிந்துவிடும். சேர்த்துக் கற்பிக்கும் நூலகர் அதைத் திரையில் போட்டு மேலும் சில கேள்விகள் கேட்பார். எழுதியவர்கள் யார்? ஆய்வுக்கு நிதி கொடுத்தது யார்? தொழிலாளர்களிடம் ஒப்புதல் பெற்றார்களா? கட்டுரை வந்து சேர்ந்த தேதி எது, ஏற்றுக்கொண்ட தேதி எது, இடையில் எத்தனை மாதம்? கட்டுரையின் இறுதியில் யாருடைய ஆய்வுகளைக் காட்டியிருக்கிறார்கள்? இதற்குப் பின் வந்த எந்த ஆய்வுகள் இதைக் காட்டுகின்றன? இதை ஏன் இலவசமாகப் படிக்க முடிகிறது, அந்தச் செலவு யாருடையது?

ஒரே கட்டுரையில் இரண்டு பாடமும் முடிந்துவிட்டன. அந்த மாணவி நாளை தன் கட்டுரையை அனுப்பும்போது, தான் படித்த நல்ல கட்டுரை எந்த இதழில் வந்ததோ அதிலிருந்துதான் தேடத் தொடங்குவார். மின்னஞ்சலில் வந்து நிற்பவரிடம் போக மாட்டார்.

மதரஸாவில் ஹதீஸ் பாடம் ஓதியவர்களுக்கு இந்த முறை புதிதாக இருக்காது. ஒரு செய்தி வந்தால் அதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அந்த வரிசையில் இருப்பவர்கள் நம்பத்தக்கவர்களா, இடையில் அறுபட்டிருக்கிறதா என்று பார்ப்பது நம் ஆலிம்களின் பழக்கம். ஆய்வுக் கட்டுரையின் மேற்கோள் வரிசையையும் அதே கண்ணோடு பார்க்கலாம்.

தேடுவதிலும் உள்ளூர் அறிவு தேவை. நம் பக்கத்தில் உள்ள கழுவெளி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் ஆங்கிலக் கட்டுரைகளில் அதன் பெயரைக் கலிவெளி, களுவெளி, கழுவெளி என்று படிக்கும்படி வெவ்வேறு எழுத்துகளில் எழுதியிருக்கிறார்கள். ஓர் எழுத்தில் மட்டும் தேடிவிட்டு "இதைப் பற்றி யாரும் ஆராயவில்லை" என்று எழுதினால் அது பிழையாகிவிடும். இதை ஒரு மாணவர் தாமே கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆகலாம். நூலகர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். படிப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்துவது நூலகத்தின் கடமை என்று 1931இலேயே தம் ஐந்து விதிகளில் ஒன்றாக வைத்தவர் சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர்.ரங்கநாதன். இன்று அவர் இருந்திருந்தால், படிப்பவரின் பணத்தைக் காப்பதையும் சேர்த்தே சொல்லியிருப்பார்.

கட்டணமின்றிக் கிடைப்பவை

நம் பிள்ளைகள் பயன்படுத்தாமல் விட்டிருக்கும் வசதிகள் பல இருக்கின்றன.

'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்களில் படிக்க வழி செய்திருக்கிறார்கள். மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள கல்வி நிறுவனங்களுக்கே இது உரியது. உங்கள் பிள்ளை அரசுக் கல்லூரியில் படித்தால், அங்கே இது கிடைக்கிறதா, வீட்டிலிருந்தும் படிக்க முடியுமா என்று நூலகரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

'சோத்கங்கா' என்பது இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் இணையக் களஞ்சியம். காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் இதை நடத்துகிறது. லட்சக்கணக்கான ஆய்வேடுகளை யாரும் இலவசமாகப் படிக்கலாம். தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகளும் உண்டு. புதிய ஆய்வைத் தொடங்குபவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

'இந்திய தேசிய மின்னூலகம்' கரக்பூர் ஐ.ஐ.டி. நடத்துவது. பெயரைப் பதிவு செய்தால் பள்ளிப் பாடம் முதல் ஆய்வு வரை தேடலாம்.

'டோஜ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் திறந்த அணுகல் ஆய்விதழ்களின் பட்டியல் 2003 முதல் இயங்குகிறது. தரம் பார்த்துத்தான் இதழ்களைச் சேர்க்கிறார்கள். எழுதுபவரிடம் கட்டணம் வாங்காத இதழ்களை மட்டும் பிரித்துத் தேடும் வசதியும் அதில் இருக்கிறது. பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாம் புதுச்சேரிக்குப் போகும் வழியில், காலாப்பட்டில், புதுவைப் பல்கலைக்கழகத்தின் ஆனந்தரங்கப்பிள்ளை நூலகம் இருக்கிறது. அங்கே படிக்காத மாணவர்கள், தங்கள் கல்லூரியிலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு, பார்வையாளர் விதிகளை முன்கூட்டியே கேட்டுவிட்டுச் செல்வது நல்லது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. கட்டுரையை நீங்களாக அனுப்பினீர்களா, அல்லது அவர்களாக அழைத்தார்களா? தெரியாத இதழிலிருந்து "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே" என்று மாணவருக்கு மின்னஞ்சல் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

2. மதிப்பீட்டாளர்களின் குறிப்புகள் வந்தனவா? ஒரு திருத்தம்கூடக் கேட்காமல் சில நாட்களில் ஏற்றுக்கொண்டால், யாரும் படிக்கவில்லை என்று கொள்ளலாம்.

3. ஐ.எஸ்.எஸ்.என். எண் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். அது வாகனப் பதிவு எண் போன்றது. வண்டியை அடையாளம் காட்டும், வண்டி ஓடுமா என்று சொல்லாது.

4. ஸ்கோபஸ் பட்டியலில் இருப்பதாகச் சொன்னால், ஸ்கோபஸின் சொந்த இணையதளத்தில் இதழின் பெயரைத் தேடுங்கள். அந்தப் பகுதியைப் பார்க்கக் கட்டணம் இல்லை. இதழே தன்னைப் பற்றிச் சொல்வது சான்றாகாது.

5. 'தாக்கக் காரணி' என்ற பெயரில் போலி எண்களை விற்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. எண்ணைக் கொடுத்தது யார் என்று கேளுங்கள்.

6. இதழின் முகவரி சரிதானா? பழைய நல்ல இதழின் பெயரை அப்படியே வைத்து வேறு இணையதளம் நடத்துபவர்கள் உண்டு.

7. ஆசிரியர் குழுவில் உள்ள ஒருவரின் பெயரை அவருடைய பல்கலைக்கழகத் தளத்தில் தேடுங்கள். அங்கே உள்ள மின்னஞ்சலுக்கு ஒரு வரி எழுதிக் கேட்பதில் தவறில்லை.

8. கட்டணம் எவ்வளவு என்பது கட்டுரையை அனுப்பும் முன்பே இணையதளத்தில் தெரிந்ததா? ஏற்றுக்கொண்ட பின் சொல்பவரும், தனிநபர் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்பவரும் சந்தேகத்துக்குரியவர்கள்.

9. உரிமை ஒப்பந்தத்தைப் படித்தீர்களா? பல இதழ்கள் முழு உரிமையையும் எழுதி வாங்கிக்கொள்கின்றன. ஏற்கப்பட்ட பிரதியைப் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் வைக்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். அனுமதி இருந்தால், உங்கள் ஊரார் இலவசமாகப் படிக்கவாவது வழி இருக்கும்.

இவற்றில் ஒன்றுக்காவது விடை தெரியாவிட்டால் பணம் கட்ட வேண்டாம். மூன்று நாள் கெடு என்பதே பயமுறுத்தல்தான். நல்ல ஆய்விதழ் எதுவும் மூன்று நாளில் கதவை மூடுவதில்லை.

நமது முடிவு

கல்வி நிதியில் இருப்பது மக்கள் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதில் 4,500 ரூபாயை விசாரிக்காமல் கொடுத்தது எங்கள் தவறு. அதை மறைக்காமல் இங்கே எழுதியிருக்கிறோம். சுவரில் மாட்டியிருந்த சான்றிதழை எடுத்துவிட்டோம்.

இனி வெளியீட்டுக் கட்டணம் கேட்டு வரும் மனுவுடன், மேலே சொன்ன ஒன்பது கேள்விகளையும் பார்த்துவிட்டதாகக் கல்லூரி நூலகரின் கையொப்பம் இருக்க வேண்டும். அது இருந்தால் உதவி செய்வோம், இன்ஷா அல்லாஹ். நூலகர் கையெழுத்துப் போட வேண்டும் என்றால் மாணவர் அவர் முன் உட்கார்ந்தே ஆக வேண்டும். அந்த அரை மணி நேரத்தில் பிள்ளை கற்றுக்கொள்வது, நாம் கொடுக்கும் பணத்தைவிடப் பெரிய உதவி.

நம் பிள்ளைகள் படிக்கும் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும் நூலகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் ஆண்டு அறிமுக வகுப்போடு நிறுத்தாமல், முதுகலை மாணவர்கள் திட்டக் கட்டுரை எழுதும் பருவத்தில் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ஒரு நல்ல கட்டுரையையும் ஒரு போலி ஆய்விதழின் மின்னஞ்சலையும் அருகருகே வைத்துக் காட்டினாலே போதும்.

பெற்றோர்களே, "எங்களுக்கு இது என்ன தெரியும்" என்று ஒதுங்க வேண்டாம். நீங்கள் கேட்க வேண்டியது ஒரே ஒரு கேள்வி: "நூலகரிடம் காட்டினியா?"

அந்த உப்பளத் தொழிலாளியின் மகள், நூலகர் காட்டிய வழியில், கட்டணம் வாங்காத ஓர் ஆய்விதழுக்குத் தம் கட்டுரையை அனுப்பினார். நான்கு மாதம் கழித்து இரண்டு பக்கம் குறிப்புகளோடு திரும்பி வந்தது. முதல் நாள் அழுதுவிட்டார். பிறகு உட்கார்ந்து படித்துப் பார்த்தபோது, தம் கட்டுரையை யாரோ ஒருவர் வரி வரியாகப் படித்திருக்கிறார் என்பது புரிந்தது. திருத்தி அனுப்பியிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. அவருடைய தந்தை சென்ற வாரம் அலுவலகப் பக்கம் வந்தபோது, "இன்னும் டிகிரி ஏறல பாய், ஏறும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்கும், படித்து முன்னேற முயலும் நம் பிள்ளைகள் அனைவருக்கும் துஆ செய்வோம். வஸ்ஸலாம்.